ஒன்பதை அழுத்தினால்

அவனுடைய விசிட்டிங் கார்டில் ‘தொலைத்தொடர்பு மற்றும் வலையமைப்பு ஆலோசகர்’ என்று இரண்டு வரிக்கு அச்சடித்திருந்தது. கார்டைக் கையில் வாங்கியவர்கள் அதைப் பைக்குள் போட்டுவிட்டு அவனை ‘ஒயர்’ என்று கூப்பிட்டார்கள். அவனும் திரும்பிப் பார்த்தான். ஆலோசகர் என்று யாராவது கூப்பிட்டிருந்தால்தான் திரும்பியிருக்க மாட்டான்.

ஒயருக்கு அந்த மாதம் கிடைத்த வேலை ஒரு இரண்டு மாடி அலுவலகம். கீழே ஒரே ஒரு கதவு, தெருவைப் பார்த்து. உள்ளே நுழைந்தால் நேராகப் பதினேழு படி. மேலே முப்பது பேர் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அவர்கள் செய்த வேலை, மற்றவர்களுக்குக் காது கொடுத்துக் கேட்கக் கற்றுக்கொடுப்பது. பெரிய நிறுவனங்களின் மேலாளர்கள் கூட்டமாக வந்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து, எதிரே இருப்பவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்பது எப்படி என்று பயின்று, சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். சுவரில் நிறுவனத் தலைவரின் ஆளுயரப் படம். காதின் பின்னால் கையைக் குவித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே ‘எடுக்கப்படாத அழைப்பு என்று ஒன்று இல்லை’ என்று அவரே சொன்ன பொன்மொழி. அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘காது’. அவர் காதில் அது விழுந்ததில்லை. எதுவும் விழுந்ததில்லை.

பழைய தொலைபேசி இணைப்புகளைப் பிடுங்கிவிட்டு எல்லாவற்றையும் இன்டர்நெட் வழியாக ஓடவிடுவது, வாசலில் கேமராவோடு ஒரு இன்டர்காம் பெட்டி வைப்பது, வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்புவது. மூன்றும் சேர்ந்ததுதான் ஒப்பந்தம். ஒயர் அதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: ரிசப்ஷனில் தன் தங்கையை உட்கார வைக்க வேண்டும்.

தங்கை கணவனை விட்டு வந்து பதினான்கு மாதம். வந்தபோது இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு இருந்தது. கட்டைப் பிரித்த பிறகு இரண்டு இடத்தில் வேலைக்குப் போனாள். இரண்டு இடத்துக்கும் கணவன் தேடிக்கொண்டு வந்தான். முதல் இடத்தில் சத்தம் போட்டான். இரண்டாவது இடத்தில் சத்தமே போடாமல், அவள் மேஜைக்கு எதிரே இருந்த நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். இரண்டில் அவளை உலுக்கியது இரண்டாவதுதான். போலீஸில் புகார் கொடுத்தார்கள். புகாரை வாங்கியவர் இரண்டு பேரையும் உட்கார்ந்து பேசிக்கொள்ளச் சொன்னார்.

“இங்க அந்தக் கதையே நடக்காது பாப்பா,” என்றான் ஒயர், வாசலில் பெட்டியைத் திருகிக்கொண்டே. “இந்தப் பட்டனை அழுத்தினா மேல உன் போன் அடிக்கும். திரையில மூஞ்சி தெரியும். பாத்துட்டு நீ ஒன்பதை அழுத்தினாத்தான் பூட்டு விடும். நீயா தொறக்காம ஒருத்தன் உள்ள வர முடியாது. எமனே வந்தாலும் பட்டனை அழுத்திட்டுத் தெருவுல நிக்கணும்.”

“எமன் பட்டன் அழுத்திட்டு வர ஆளாண்ணே?”

“அழுத்தித்தான் ஆகணும். அழுத்தினா போட்டோவும் விழும். ஒவ்வொரு தடவையும் ஒரு போட்டோ, மணி நிமிஷத்தோட.”

அவள் மாடியில் தன் மேஜையில் உட்கார்ந்து பார்த்தாள். காதின் கட்டளைப்படி மேஜை படிக்கட்டுக்கு முதுகைக் காட்டிப் போடப்பட்டிருந்தது. வருகிறவர்கள் முதலில் அவர் படத்தைத்தான் பார்க்க வேண்டும், ரிசப்ஷனிஸ்டின் முகத்தை அல்ல. மேஜையைத் திருப்பிப் போடலாமா என்று அவள் கேட்டாள். காது சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம். அது அவளுக்குப் போகப் போகத்தான் தெரிந்தது.

இனி ஒன்பது என்ற எண்ணின் கதை. பழைய தொலைபேசியில் வெளியே பேச வேண்டுமென்றால் முதலில் ஒன்பதை அழுத்தி இணைப்பு வாங்க வேண்டும். வாசல் பெட்டியும் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒன்பதை அழுத்தினால் பூட்டு விடும்படி வந்திருந்தது. வெளி இணைப்பைச் சைபருக்கு மாற்றிவிடலாம் என்றான் ஒயர்.

“இருபது வருஷமா என் விரல் ஒன்பதுக்குப் போகுது,” என்றார் காது. “என் விரலை மாத்தச் சொல்றியா?”

“இல்ல சார். அப்போ கதவோட நம்பரை மாத்திடறேன்.”

“எதையாவது மாத்து.”

மாற்றலாம் என்றுதான் இருந்தான். ஆனால் உட்கார்ந்து யோசித்தபோது அவசரமாகப் படவில்லை. சும்மா இருக்கும் போனை எடுத்து ஒன்பதை அழுத்தினால் வெளி இணைப்பு. கதவோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஒன்பதை அழுத்தினால் பூட்டு. கதவோடு பேசுகிறவனுக்குத் தான் கதவோடு பேசுவது தெரியாமலா போகும்? ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் இட்டான். அடிக்கோடு இட்டுவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி.

வேலை முடியும் தருவாயில் காது அவனை அறைக்குள் அழைத்தார்.

“தினம் பதினொண்ணுலேர்ந்து பன்னெண்டு மௌன நேரம். உலகத்துல எந்த ஆபீஸ்லயும் இல்ல. யாரும் பேசக் கூடாது. மொபைல் எல்லாம் கூடையில. எல்லா போனும் என் குரலுக்குப் போயிடணும்.”

அவர் குரலை ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்தார்கள். ‘நீங்கள் சொல்வதைக் கேட்க ஆவலாக இருக்கிறோம். தயவுசெய்து பிறகு அழைக்கவும்.’

“வாசல் பட்டனை யாராவது அழுத்தினா சார்? அதுவும் பதிவுக்குப் போயிட்டா கூரியர்காரன்கூட உள்ள வர முடியாது.”

காது கண்களை மூடித் திறந்தார். தியாகம் செய்யும்போது அப்படிச் செய்வார். “அந்த ஒரு மணி நேரம் கதவு என்கிட்ட வரட்டும். நூறுக்கு. நான் கேட்கிறேன்.”

நூறு அவருடைய எண்.

“ஆனா மணி அடிக்கக் கூடாது. ஸ்பீக்கர்லயும் சத்தம் வரக் கூடாது. நான் ரிசீவரை எடுக்கவும் மாட்டேன். அதே சமயம் எடுக்காத அழைப்புன்னு ரிப்போர்ட்ல ஒண்ணுகூட இருக்கக் கூடாது. சுவத்துல என்ன எழுதியிருக்கு பாத்தியா?”

“எடுக்காம எப்படி சார் எடுத்ததா…”

“அதுக்குத்தானே ஆலோசகர்னு கார்டு அடிச்சிருக்கே.”

பதினான்கு வருடத் தொழிலில் கார்டைப் படித்த முதல் மனிதர். ஒயர் குளிர்ந்துபோனான். நூறாம் எண் தானாகவே அழைப்பை எடுத்துக்கொள்ளும்படியும், ஒலி சுத்தமாக அடங்கியிருக்கும்படியும் அமைத்துக் கொடுத்தான். அழைத்தவர் ஐந்து நிமிஷம் மௌனத்தோடு பேசிக்கொண்டிருப்பார், பிறகு இணைப்பு தானே அறுந்துவிடும். மாதக் கடைசியில் அறிக்கை வந்தது: எடுக்கப்பட்ட அழைப்புகள் நூற்றுக்கு நூறு. காது அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

அடுத்த மாதம் மூன்றாவது வாரம் அவரிடமிருந்தே புகார் வந்தது.

“என் லைன்ல லாரி போகுது.”

“லாரியா சார்?”

“ரிசீவரை எடுத்து நம்பர் போடறேன், மணி போகறதுக்குப் பதிலா லாரி போகுது. ஹார்ன் அடிக்கிறான். நேத்து ஒருத்தன் மூச்சு விடறான். நான் எவ்வளவு பெரிய ஆளைக் கூப்பிடறேன் தெரியுமா உனக்கு?”

தெரியும். ஆபீஸ் முழுக்கத் தெரியும். மௌன நேரத்தில் தினமும் பதினொன்று ஐந்துக்கு, எல்லோரும் வாய்மூடி இருக்கும்போது, காது மட்டும் ரிசீவரை எடுத்து ஒரு பெரிய மனிதரின் உதவியாளரைக் கூப்பிடுவார். உதவியாளர் “மீட்டிங்ல இருக்கார்” என்பார். காது “சரி, நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க” என்பார். ஏழு வருஷமாக இந்த உறவு நீடித்து வந்தது.

“நெட் டிராஃபிக் அதிகமா இருக்கும் சார்,” என்றான் ஒயர். டிராஃபிக் என்ற வார்த்தை வாயில் வந்ததும் அவனுக்கே சிரிப்பு வந்தது. “லைனைக் கட் பண்ணிட்டு மறுபடி போடுங்க, சரியாயிடும்.”

சரியாகத்தான் ஆனது. இரண்டாவது தடவை போட்டால் நேராக உதவியாளருக்கே போயிற்று. சரியாகிவிட்ட பழுதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அந்த வாரமே தங்கையும் ஒன்று சொன்னாள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டே, பெரிதாக எடுத்துக்கொள்ளாத குரலில்.

“அண்ணே, பதினோரு மணி வாக்குல என் கால்ல காத்து படுது.”

“ஏசியா இருக்கும்.”

“ஏசி காத்துல பெட்ரோல் வாசனை வருமா?”

“அது ஏசி கோளாறு இல்ல, மூக்குக் கோளாறு. டாக்டரைப் பாரு.”

“திரும்பிப் பாக்கலாம்னா மௌன நேரத்துல நாற்காலி கிறீச்னு சத்தம் போடுது. எல்லாரும் என்னையே பாக்கறாங்க.” டப்பாவைக் கவிழ்த்து வைத்தாள். “தெருக் காத்துண்ணே அது. ஆனா கதவு மூடித்தானே இருக்கு?”

“நீ தொறக்காம எப்படித் தொறக்கும்?” என்றான் அவன். அவளும் ஒப்புக்கொண்டாள். அண்ணன் அமைத்த கதவு.

வியாழக்கிழமை ஒயர் ஊரின் இன்னொரு மூலையில், ஒரு பல் மருத்துவமனையில் போன் மாட்டிக்கொண்டிருந்தான். காத்திருந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவனை முறைத்தார்கள். இடையில் பத்து நிமிஷம் கிடைத்தது. லாரி விஷயத்தை முடித்துவிடலாம் என்று லேப்டாப்பைத் திறந்து, அலுவலகத்து இணைப்புக்குள் நுழைந்து, நூறாம் எண்ணின் அழைப்புப் பட்டியலை எடுத்தான். மணி பத்து ஐம்பத்தாறு.

திங்கட்கிழமை பதினொன்று நான்கு: வாசல் பெட்டியிலிருந்து நூறுக்கு அழைப்பு, எடுக்கப்பட்டது. பதினொன்று ஐந்து: ஒன்பது அழுத்தப்பட்டது. கதவு திறந்திருந்த நேரம் நான்கு வினாடி.

செவ்வாய்க்கிழமையும் அதேதான். கதவு திறந்திருந்த நேரம் பதினோரு வினாடி.

புதன்கிழமை நாற்பது வினாடி.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தான். காது உதவியாளரைக் கூப்பிட ரிசீவரை எடுக்கிறார். போன் சும்மா இருப்பதாக நினைக்கிறார். ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன்பே அது, மணி அடிக்காமல், சத்தம் இல்லாமல், கதவோடு பேச ஆரம்பித்துவிட்டது. இருபது வருஷப் பழக்கத்தில் விரல் ஒன்பதுக்குப் போகிறது. கீழே பூட்டு விடுகிறது. மேலே லாரிச் சத்தம் கேட்கிறது.

படங்களைத் திறந்தான். திங்கட்கிழமைப் படத்தில் ஒரு முழங்கை. செவ்வாய்க்கிழமைப் படத்தில் ஒரு கட்டைவிரல், கேமராவை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு. புதன்கிழமை முழுக்க மறைத்திருந்தது. ஆனால் வெயில் பின்னாலிருந்து அடித்ததில் நகம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. நடுவில் பிளந்து இரண்டு பாதியாக வளர்ந்த நகம்.

அந்த நகத்தை அவனுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்பு, தங்கைக்குக் கல்யாணமான புதிதில், வாடகை வேனின் கதவை அவசரமாக இழுத்து மூடி அந்த விரலை நசுக்கியதே அவன்தான். நாள் முழுக்க “மன்னிச்சுக்கங்க மாப்பிள்ளை, மன்னிச்சுக்கங்க” என்று பின்னாலேயே திரிந்தான். “பரவால்ல மச்சான், கதவுன்னா அப்படித்தான்,” என்று மாப்பிள்ளை சிரித்தான். எவ்வளவு பொறுமையான மனுஷன் என்று வீட்டில் எல்லோரும் மெச்சினார்கள்.

நான்கு வினாடி. பதினோரு வினாடி. நாற்பது வினாடி. திங்கட்கிழமை தள்ளிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். செவ்வாய்க்கிழமை முதல் படியில் நின்றிருக்கிறான். நேற்று, அவளுடைய முதுகு தெரியும் உயரம் வரை ஏறிவிட்டு இறங்கியிருக்கிறான்.

இந்தக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மணி பதினொன்றைத் தாண்டி ஒரு நிமிஷம். தங்கையின் எண்ணை அழைத்தான். ‘நீங்கள் சொல்வதைக் கேட்க ஆவலாக இருக்கிறோம்’ என்றது காதின் குரல். மொபைலை அழைத்தான். அது கூடைக்குள் யாருக்கும் கேட்காமல் அதிர்ந்திருக்கும். மற்ற முப்பது எண்களிலும் அதே குரல்தான். அந்தக் கட்டிடத்தில் உயிரோடு இருந்தது ஒரே ஒரு எண்.

நூறை அழைத்தான். உடனே எடுக்கப்பட்டது. அறையின் ஒலி கேட்டது, மின்விசிறி, ஒரு பேனா மூடியைத் திறந்து திறந்து மூடும் சத்தம். இவன் குரல் அங்கே கேட்காது. அடக்கி வைத்தவனே இவன். ஆனாலும் ஒரு நன்மை புரிந்தது. நூறாம் எண் தன்னோடு பேசிக்கொண்டிருக்கும் வரை கதவு அதற்குள் நுழைய முடியாது. இணைப்பை இப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் போதும். இடது கையால் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, கதவின் எண்ணை மாற்றும் இடத்தைத் தேடினான். அங்கே போக கடவுச்சொல் கேட்டது. முதல் இரண்டு தடவையும் தப்பாக அடித்தான்.

திரையில் வாசல் பெட்டி ஒளிர்ந்தது. பதினொன்று மூன்று. ஒரு கட்டைவிரல். நூறு பேச்சில் இருக்கிறது, கதவின் அழைப்பு காத்திருக்கிறது.

பதினொன்று ஐந்துக்குக் காது ரிசீவரை எடுத்தார்.

“சார், ஒன்பதை அழுத்தாதீங்க,” என்றான் ஒயர். “நான்தான் சார், ஒயர். லைன்லேயே இருங்க. ஒன்பதை மட்டும்…”

“யாரு? லைன்ல யாரு நுழைஞ்சிருக்கிறது?”

“சார், கேளுங்க, ஒரு நிமிஷம் கேளுங்க. கீழ கதவுல ஒரு ஆள்…”

“இது மௌன நேரம்,” என்றார் காது. இணைப்பை அறுத்தார். லைனைக் கட் பண்ணிட்டு மறுபடி போடுங்க, சரியாயிடும். சொல்லிக் கொடுத்ததில் அவர் கடைப்பிடித்தது இது ஒன்றைத்தான்.

அந்த ஒரு வினாடி இடைவெளியில், காத்திருந்த கதவு நூறுக்குள் நுழைந்தது. எடுக்கப்பட்டது. ஒன்பது அழுத்தப்பட்டது. கதவு திறந்தது.

வினாடிகள் ஓடத் தொடங்கின. நான்கு. ஐந்து. லாரியைக் கேட்டு எரிச்சலாகி காது மறுபடி அறுத்திருக்க வேண்டும், வாசல் பெட்டி விடுபட்டது. ஒயர் நேராக அந்தப் பெட்டியையே அழைத்தான். அதற்கும் ஓர் எண் உண்டு, நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அதுவும் தானாகவே எடுக்கும். ஒலியை உச்சத்தில் வைத்தான்.

ஒரு பேருந்து கடந்து போனது. அதன் பிறகு படியில் காலடி. அந்தப் படியோரமாகக் கேபிள் இழுத்தவன் அவன், ஒவ்வொரு படியிலும் ஒரு கிளிப். காலடி நிதானமாக ஏறியது. ஐந்து. ஆறு.

“பாப்பா,” என்று கத்தினான். பல் மருத்துவமனையில் வாயைத் திறந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். “பாப்பா, பின்னாடி பாக்காதே. போன் பெட்டி ரூமுக்குள்ள போ. தாழ்ப்பா போடு.”

மௌன நேரத்தால் விளைந்த ஒரே நன்மை இது. முப்பது பேர் வாய்மூடியிருந்த அந்தக் கட்டிடத்தில், தெருச் சுவரிலிருந்து கிளம்பிய அவன் குரல் பதினேழு படியையும் தாண்டி ஏறியது. நாற்காலி கிறீச்சிட்டது. போன் கருவிகள் இருந்த அறை முன்னொரு காலத்தில் கழிவறை. அதனால்தான் அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. இரும்பு இரும்பில் விழும் சத்தம், எங்கோ தூரத்தில், சின்னதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் கேட்டது.

காலடி நின்றது. பிறகு இறங்கியது, ஏறிய அதே நிதானத்தோடு. பெட்டியருகே வந்து நின்றது.

“மச்சானா?” என்றான் அவன். கோபமே இல்லாத குரல். “ரொம்பத் தெளிவாக் கேக்குது. நல்லா வேலை பாத்திருக்கீங்க.”

“மாப்பிள்ளை,” என்றான் ஒயர். அந்த வார்த்தையை வாயிலிருந்து எடுக்க அவனுக்கு இன்னும் தெரியவில்லை. “போயிடுங்க மாப்பிள்ளை.”

“போறேன். அவ சௌரியமா இருக்காளான்னு பாக்கத்தானே வரேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல மச்சான்.” கதவை இழுக்கும் சத்தம். “கதவுன்னா அப்படித்தான்.”

கதவு மூடிக்கொண்டது. மூன்று நிமிஷம் இருபது வினாடி.

ஒயர் போய்ச் சேர்ந்தபோது காது ஊழியர்கள் எல்லோரையும் நிற்க வைத்து உரையாற்றிக்கொண்டிருந்தார். மௌன நேரம் குலைந்தது பற்றி. தனிப்பட்ட பிரச்சினைகளை அலுவலகத்துக்குக் கொண்டுவருவது பற்றி. கணவன் மனைவி ஒருவரையொருவர் கேட்காததால்தான் குடும்பங்கள் உடைகின்றன என்பது பற்றி. ஒயர் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தான். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

அந்தப் பழைய கழிவறையின் கதவைத் தட்டினான்.

“யாரு?”

“நான்தான் பாப்பா.”

“குரல் எல்லாம் வேணாம். விசிட்டிங் கார்டை அடியில தள்ளு.”

தள்ளினான். பிறகு தாழ்ப்பாள் விலகியது. அவள் அழுதிருக்கவில்லை. கார்டை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“நாலு நாளா காத்து பட்டுச்சுன்னேன்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றே ஒயர் கதவின் எண்ணை நான்கு இலக்கமாக மாற்றினான். மௌன நேரத்தில் கதவு எங்கேயும் அடிக்காமல் செய்தான். மாதக் கடைசியில் அறிக்கை தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியது. காது ஆளனுப்பிப் பழையபடி மாற்றச் சொன்னார். அவன் போகவில்லை. வேறொரு ஆலோசகர் வந்து மாற்றிக் கொடுத்தார். ஆனால் அலுவலகத்து இணைப்புக்குள் நுழைய ஒயருக்கு இருந்த உரிமையைப் பறிக்க அந்த ஆலோசகருக்குத் தோன்றவில்லை. அவரும் எங்கோ அடிக்கோடு இட்டிருப்பார்.

தங்கை அந்த வியாழக்கிழமைக்கு மறுநாளே வேறு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. புது எண்ணும் கொடுக்கவில்லை.

“என்கிட்டகூடவா?”

“உங்கிட்ட கொடுத்தா அது எங்கேயாவது போய் எடுக்கப்படும்ணே,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். “ஞாயித்துக்கிழமை நானே கூப்பிடறேன். எடு. நீயே எடு.”

ஞாயிறுதோறும் எண் மறைத்து ஓர் அழைப்பு வந்தது. “நல்லாருக்கேன்,” என்பாள். “காத்து ஒண்ணும் படலை,” என்பாள். வைத்துவிடுவாள்.

மற்ற நாட்களில் ஒயர் வேறொன்று செய்தான். காலை பதினொன்றுக்கு எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, லேப்டாப்பைத் திறந்து, அந்த வாசல் பெட்டியின் படங்களைப் பார்ப்பான். தவறாமல் அங்கே ஒரு கட்டைவிரல் இருந்தது. பிளந்த நகம். அவள் போய்விட்டது தெரியாமல், அல்லது தெரிந்துதானோ, அவன் தினமும் வந்து அழுத்திக்கொண்டிருந்தான். அவன் இங்கே நிற்கிறான் என்றால் அங்கே இல்லை என்று அர்த்தம். அந்த விரலைப் பார்த்த பிறகுதான் ஒயருக்குச் சோறு இறங்கியது. ஒரு நாள் அந்த விரல் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தபோது, திரையைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தான். வந்ததும், “வாங்க மாப்பிள்ளை,” என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தான்.

இப்படிப் பத்தொன்பது நாள்.

நேற்று பதினொன்றுக்கு ஒரு கூரியர்காரன் மட்டும் வந்தான். இன்று யாரும் அழுத்தவில்லை. பன்னிரண்டு வரை பார்த்தான், ஒன்று வரை பார்த்தான். திரையில் காலியான தெரு, எதிர்ச் சுவர், ஒரு லாரி.

இன்று செவ்வாய்க்கிழமை. கூப்பிட அவனிடம் எண் இல்லை. போனின் மணியை உச்சத்தில் வைத்து, சட்டைப் பையில் போடாமல், மேஜை மேல் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.